படுக்கைக் கண்

அன்று காலை வீடு மல்லாந்து கிடந்ததா, குப்புறக் கிடந்ததா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. பார்த்தவர்கள் இரண்டே பேர். மல்லாந்து கிடந்தது என்கிறாள் நாத்தனார். குப்புற என்கிறார் அண்ணி. இருவரும் பார்த்தது ஒரே கணினித் திரையைத்தான். எனக்குச் சொன்னவர்களும் அவர்களே. நான் பாதிப் பொழுது அவர்கள் சொன்னதைக் கேட்டேன், மீதிப் பொழுது அவர்கள் சொல்லாமல் விட்டதை யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் இரண்டும் கலந்துபோயிருக்கலாம். மல்லாந்து என்றே வைத்துக்கொள்வோம். கதையில் வருகிற பெரியவரும் மல்லாந்துதான் கிடந்தார்.

நாத்தனாருக்கு வீட்டில் ஜிகினா என்று பெயர். அவளுடைய அண்ணன், அதாவது அண்ணியின் கணவர், வைத்தது. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்துப் போட்டோ எடுத்ததுபோலக் கணினியில் படமாக்கித் தருவது அவள் வேலை. அவள் படங்களில் தரை எப்போதும் இப்போதுதான் துடைத்தது மாதிரி மின்னும். வெயில் எந்தச் சன்னல் வழியாக நுழைந்தாலும் நேராகச் சோபாவில் போய் உட்காரும். எங்காவது ஒரு பறவை இருக்கும். "பாத்ரூமுக்குப் படம் கேட்டாக்கூட அதுல ஒரு பறவையைப் பறக்கவிட்டுத்தான் குடுப்பா" என்பார் அண்ணன்.

அண்ணிக்கு மில்லி. அதுவும் அண்ணன் உபயம்தான். அண்ணி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். அடி, அங்குலம் எல்லாம் அவருக்கு ஆகாது. உலகத்தையே மில்லிமீட்டரில்தான் பார்ப்பார். "கொஞ்சம் தள்ளி உக்காரேன்" என்று கணவர் சொன்னால் "எவ்வளவு?" என்று கேட்பார். பேச்சு குறைவு. ஆனால் அவர் பேசாமல் இருப்பதில் பல வகை உண்டு. அதில் ஒன்று, எதிராளி தானாக உண்மையைச் சொல்லட்டும் என்று இடம்விட்டுக் காத்திருப்பது. ஜிகினாவுக்கு அந்த ஒன்றில்தான் பயம். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். சும்மா இருப்பவரை என்ன செய்வது?

முன்னறைதான் அலுவலகம். இரண்டு மேசைகள் எதிரும் புதிருமாக இருக்கும். திரைகளின் முதுகுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்தால் ஒருவருக்கு மற்றவரின் நெற்றி மட்டும்தான் தெரியும். நாலு வருஷத்தில் நெற்றியைப் பார்த்தே மனதைப் படிக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு தீராத வழக்கு இருந்தது. அண்ணியின் மென்பொருளில் உயரம் என்றால் இசட் அச்சு. ஜிகினாவின் மென்பொருளில் உயரம் என்றால் ஒய் அச்சு. அண்ணிக்கு வானம் இருக்கிற திசையில் ஜிகினாவுக்கு எதிர்ச் சுவர் இருந்தது. அதனால் அண்ணி நிமிர்த்தி வைத்து அனுப்புகிற ஒவ்வொரு வீடும் ஜிகினாவின் மேசைக்கு வந்ததும் படுத்துவிடும். அதை அவள் தொண்ணூறு டிகிரி திருப்பி நிமிர்த்துவாள். அனுப்பும்போது ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. அந்த டிக்கை யார் போடுவது என்பதுதான் வழக்கு. அனுப்புகிறவர் போட வேண்டும் என்பது நாத்தனார் கட்சி. வாங்குகிறவர்தான் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது அண்ணி கட்சி.

அன்று காலையும் அப்படித்தான் தொடங்கியது.

"அண்ணி, உங்க வீடு மறுபடியும் மயக்கம் போட்டு விழுந்துடுச்சு."

"என் வீடு நேராத்தான் நிக்குது. உன் பூமிதான் சாஞ்சு கிடக்கு."

"தண்ணி தெளிச்சு எழுப்பறதுக்கு ஒரு ஆள் வச்சிருக்கீங்கன்னு நினைப்பா?"

"சம்பளம் இல்லாத ஆள் கிடைச்சா யார்தான் வேணாம்பா?"

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் ஷூவில் காலை நுழைத்தபடி சொன்னார்: "மேல எது, கீழ எதுன்னு சந்தேகம் வந்தா என் லிஃப்டுக்கு வாங்க ரெண்டு பேரும். பட்டன்லயே அம்புக்குறி போட்டிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கதவைச் சாத்திய பிறகு இருவரும் தனித்தனியாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அன்று விழுந்தது கிரேன்காரர் வீடு. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். முப்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கப்பலையே காலி செய்தவர். ஒருநாள் வீட்டில் பல்பு மாற்ற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, ஒன்றரை அடியிலிருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். அவருக்கு வலியைவிட அதைக் கேட்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அறுவைசிகிச்சை முடிந்து, மூன்று மாதம் எழுந்திருக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவர் படுத்திருந்த மாடி அறை மேட்டில் இருந்தது. துறைமுகம் நானூறு மீட்டர் தள்ளி, சரிவுக்குக் கீழே. ஆனால் அந்தப் பக்கச் சுவரில் சன்னல் இல்லை. அதில் ஒரு சன்னல் வெட்ட வேண்டும் என்பதுதான் வேலை.

"படுத்தா கிரேன் தெரியணும்மா" என்றார் அண்ணியிடம். "நிக்கறவனுக்குத் தெரிஞ்சா போதாது. உக்காந்தா தெரிஞ்சாலும் போதாது. இப்படியே, இந்தத் தலையணையில, இந்தத் தலைக்குத் தெரியணும். மூணு மாசம் வெறும் சுவரைப் பாத்துக்கிட்டு கிடந்தா எலும்பு கூடிடும், மூளை கழண்டுடும்."

அண்ணிக்கு இப்படிக் கேட்கிறவர்களைப் பிடிக்கும். டேப்பை எடுத்து, தரையிலிருந்து பெரியவரின் கண் எவ்வளவு உயரம் என்று அளந்தார்.

"ஐயா, கண்ணைச் சிமிட்டாதீங்க. அளவு மாறும்."

"சிமிட்டினா எத்தனை மில்லி போகும்?" என்றார் பெரியவர்.

கண் எழுநூறு மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடித்தது பெரியவரின் மகள். இப்போது அதே கிரேனை ஓட்டுகிறவள் அவள்தான். கூண்டு எவ்வளவு உயரம், மேலே நீளும் இரும்புக் கை எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் அவளே சொன்னாள். அண்ணி அங்கேயே கணக்குப் போட்டார். சன்னலின் அடிவிளிம்பு எழுநூற்று ஐம்பதில் இருந்தால் படுத்திருக்கிறவருக்குக் கிரேனின் கையும் தெரியும், கூண்டும் தெரியும், சுமையைத் தூக்கும்போது கொக்கியும் தெரியும்.

வீட்டுக்கு வந்து மாடல் போட்ட அண்ணி, வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். பெரியவரின் கண் இருக்கிற அதே இடத்தில் ஒரு கேமராவை வைத்து, அதற்குப் 'படுக்கைக் கண்' என்று பெயரிட்டு, வீட்டோடு சேர்த்து அனுப்பினார். அனுப்பினாரே தவிர, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரிலேயே எல்லாம் இருக்கிறதே, சொல்ல என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

ஜிகினா எப்போதும்போல வீட்டைத் தேர்ந்தெடுத்தாள், தொண்ணூறு டிகிரி திருப்பினாள். வீடு எழுந்து நின்றது. கேமரா எழுந்திருக்கவில்லை. இதற்கு முன் அண்ணி கேமரா அனுப்பியதே இல்லை என்பதால் அதையும் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. 'படுக்கைக் கண்' என்பதை அழுத்திப் பார்த்தாள். திரை முழுக்க ஒரே நீலம். பாவம், அந்தக் கேமரா கூரைக்கு மேலே எங்கோ மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

'அண்ணி அரைகுறையா எதையோ விட்டிருக்காங்க' என்று நினைத்தாள். கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் டிக்கில் தொடங்கி எங்கேயோ போய் முடியும். கேமராவை மறைத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வைத்தாள். எல்லாரும் எங்கே நின்று பார்ப்பார்களோ அங்கே, நிற்கிற மனிதனின் கண் உயரத்தில். அறை சின்னதாகத் தெரிந்தது. பின்சுவரை மறைத்துவிட்டு ஒரு மீட்டர் பின்னால் போனாள். அகல லென்ஸ் போட்டாள். சாயங்கால வெயிலைத் திறந்துவிட்டாள். சன்னலுக்குள் கிரேன் உள்ளங்கை நெல்லிக்கனியாக நின்றது. கீழே கூரைகள், கொஞ்சம் கடல். மேலே ஒரு பறவை.

படத்தைப் பார்த்த கிரேன்காரர் அதைப் பெரிதாக அச்சுப் போட்டுக் கட்டிலுக்கு எதிரே ஒட்டச் சொன்னார். சன்னல் வருவதற்கு முன்பே அந்தச் சுவரில் சன்னல் வந்துவிட்டது.

நாலு நாள் கழித்து மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அண்ணி அனுமதி வாங்குகிற வேலையாக வெளியே போயிருந்தார்.

"அக்கா, அந்தச் சன்னலைக் கீழேர்ந்து ஒரு அடி தூக்கிடலாமா? அந்தப் பக்கம் மழை அடிச்சா சாரல் நேரா படுக்கையில விழும்."

"தூக்கினா கிரேன் தெரியணுமே?"

"படத்துல கிரேனுக்குக் கீழ நிறைய இடம் இருக்கே அக்கா. பாத்துச் சொல்லுங்களேன்."

ஜிகினா விளிம்பைப் பிடித்து முந்நூறு மில்லிமீட்டர் மேலே இழுத்தாள். கூரைகள் போயின. கடல் போயிற்று. கிரேன் அப்படியே நின்றது.

"ஒண்ணுமே குறையல. தாராளமா தூக்கலாம்."

மறுமுனையில் ஒரு சின்ன இடைவெளி. "அப்ப புதுப் படத்தை அப்பாவுக்கு அனுப்பிடுங்க அக்கா. படத்துல தெரிஞ்சா அவர் சரிம்பார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அண்ணியாக இருந்தால் அந்த இடைவெளி எத்தனை விநாடி என்று கவனித்திருப்பார். ஜிகினா கவனிக்கவில்லை.

படம் போயிற்று. பெரியவர் சரி என்றார். மறுநாள் காலை கொத்தனார் வருவதாக முடிவாயிற்று.

மூன்று மணி வாக்கில் அண்ணி திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். ஜிகினா திரைக்கு மேலே எட்டிப் பார்த்து நல்ல செய்தியைச் சொன்னாள்.

"ஒரு அடியா?" என்றார் அண்ணி.

"முந்நூறு மில்லி" என்று அவர் பாஷையிலேயே திருத்தினாள்.

 பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் ஓடி நின்றது. தெருவில் ஒரு வண்டி பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தி ஓய்ந்தது. ஜிகினாவுக்கு நெற்றி மட்டும் தெரிந்தது. அந்த நெற்றியில் கோபம் இல்லை. அதுதான் கலக்கமாக இருந்தது.

"படுக்கைக் கண்ல பாத்தியா?" என்று கடைசியில் கேட்டார்.

"அதுல என்ன இருக்கு? வெறும் வானம்தான் தெரியுது."

அண்ணி எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். நாலு வருஷத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறைத்து வைத்த கேமராவைத் திறக்கச் சொன்னார். திரை முழுக்க நீலம் வந்தது.

"வீட்டை எழுப்பின. இதை எழுப்பினியா?"

ஜிகினா கேமராவைப் பிடித்து, வீட்டைத் திருப்பிய அதே பூஜ்யப் புள்ளியைச் சுற்றி, அதே தொண்ணூறு டிகிரி திருப்பினாள். நீலம் சரிந்து விலகி, சுவரும் சன்னலும் வந்தன. அண்ணி தன் மேசையிலிருந்து அதே பார்வையைக் கோட்டுப் படமாக அனுப்பினார். அதைக் கண்ணாடித்தாள் மாதிரி படத்தின் மேல் போட்டார்கள். பொருந்தவில்லை. ஓரங்களில் கோடுகள் விலகி நின்றன. ஒரு மென்பொருள் லென்ஸின் கோணத்தைப் படத்தின் அகலத்தில் அளக்கிறது, மற்றது உயரத்தில் அளக்கிறது என்று கண்டுபிடிக்க இருவருக்கும் ஒரு டீ ஆயிற்று. எண்ணை மாற்றியதும் கதவின் மேல் கதவு உட்கார்ந்தது, மூலையின் மேல் மூலை. ஒரு முடி இடைவெளி இல்லை.

உயர்த்திய சன்னலுக்குள் கிரேன் இல்லை. வெறும் வானம். ஒரே ஒரு பறவை. அதுவும் ஜிகினா வைத்த பறவை.

"மூணு மாசம் அந்த மனுஷன் உன் பறவையைப் பாத்துக்கிட்டு கிடக்கணும்" என்றார் அண்ணி. "அதுவும் நிஜத்துல இருக்காது."

ஜிகினா தன் பழைய படத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் அழகாக இருந்த படம். இல்லாத சுவருக்குப் பின்னால், யாரும் படுக்காத இடத்தில் நின்றுகொண்டு எடுத்த படம். படுத்திருக்கிற ஒருவருக்காகப் போட்ட சன்னலை, நிற்கிறவளின் கண்ணால் பார்த்து "ஒண்ணுமே குறையல" என்று சொல்லியிருக்கிறாள்.

ஒரு வழி இருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு, வரைபடத்தில் திருத்தம், பழைய அளவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் போதும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விடும். யாருக்கும் தெரியாது. தொலைபேசியைக் கையில் எடுத்தாள். அண்ணி தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நெற்றி மட்டும் தெரிந்தது. இடம்விட்டுக் காத்திருக்கிற அந்த நெற்றி.

"நேர்லயே போய்ச் சொல்லிடறேன் அண்ணி" என்றாள்.

"நானும் வரேன்" என்றது நெற்றி.

சாயங்காலம் வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கண்ணால காண்பதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க? நீ அதைக் கம்ப்யூட்டர்லயே நிரூபிச்சுட்ட" என்றார். யாரும் பதில் சொல்லாததால் தன் டீயைத் தானே போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அவர்கள் போனபோது கொத்தனார் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் கட்டிலிலேயே இருந்தார். உடைக்கத் தொடங்கினால்தான் பக்கத்து அறைக்குப் போவேன் என்று பிடிவாதம். மகளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. வாசலில் நின்றிருந்தவள் லேப்டாப் பையைப் பார்த்ததும் அமைதியானாள்.

"ஐயா" என்றாள் ஜிகினா. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் வாசலிலேயே கழன்றுவிட்டன. "அந்தப் படம் பொய்."

பெரியவர் கண்ணை மட்டும் திருப்பி எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு. ஆனா அது நீங்க படுத்துப் பாக்கற மாதிரி இல்ல. நான் நின்னு பாத்திருக்கேன். அதுவும் உங்க பின்னால இருக்கற சுவருக்கு வெளிய நின்னு. சன்னலை ஒரு அடி தூக்கினா உங்களுக்கு வானம்தான் தெரியும். நேத்து நான் பாக்காம சரின்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்."

கொத்தனார் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். "அப்ப கோட்டை அழிக்கவா, வேணாமா?"

"அக்கா, நேத்துத் தெரியுதுன்னு சொன்னீங்களே" என்றாள் மகள். குரலில் குற்றச்சாட்டைவிட ஏமாற்றம் அதிகம் இருந்தது.

அண்ணி அவளைப் பார்த்தார். "டேப்போட அந்த முனையை நீதானேம்மா பிடிச்ச? எழுநூத்தைம்பது எதுக்குன்னு நான் சொன்னப்போ பக்கத்துலதானே இருந்த?"

கேட்டுவிட்டு, இடம்விட்டுக் காத்திருந்தார்.  அந்த மௌனம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மகளிடம் போய் நின்றது.

"சாரல் எல்லாம் சும்மாப்பா" என்றாள். "நீங்க பாத்தா எனக்குக் கை நடுங்குது. போன மாசம் மொட்டைமாடியில நின்னுக்கிட்டு எத்தனை தடவை போன் பண்ணீங்க? 'கொக்கி ஆடுது, மெல்லத் திருப்பு'ன்னு. அந்தரத்துல இருபது டன் தொங்குது, இங்க போன் அடிக்குது. நான் எடுக்கலைன்னா மேற்பார்வையாளருக்கே போன் பண்றீங்க. அவர் மைக்ல, 'உங்க அப்பா மெல்லத் திருப்பச் சொல்றார்'ங்கறார். துறைமுகமே சிரிக்குது."

"கொக்கி ஆடத்தானேம்மா செஞ்சுச்சு" என்றார் பெரியவர் சின்னக் குரலில்.

"காத்து அடிச்சா ஆடாதா? உங்களுக்கு ஆடலையா?"

பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாந்து கிடக்கிறவருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் அதிக இடம் கிடையாது. ஜிகினா, தான் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தாள். கொத்தனாரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தால் இந்தப் பெண்ணின் குட்டு உடைந்திருக்காது. ஆனால் பெரியவர் எழுநூற்று ஐம்பதில் வைத்த சன்னலைப் பார்த்துப் படுத்து, மூன்று மாதமும் போன் பண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

"என் கண்ணுக்கு இப்ப எப்படித் தெரியும்னு அந்தப் பெட்டியில காட்ட முடியுமா?" என்று பெரியவர் கேட்டார்.

ஜிகினா லேப்டாப்பைத் திறந்து, அவர் மார்புக்கு மேலே சாப்பாட்டுப் பலகையில் வைத்தாள். படுக்கைக் கண். எழுநூற்று ஐம்பது. பறவை இல்லை, காலையில் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தாள். சன்னலுக்குள் கிரேனின் கை இருந்தது, கூண்டு இருந்தது, கொக்கி இருந்தது.

"இந்த விளிம்பைத் தூக்கறது எப்படி?"

"இந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினா பத்து மில்லி ஏறும் ஐயா."

"நீ வேணாம். அவ வரட்டும்."

மகள் வந்து கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டாள். பெரியவர் போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாக ஒரு வட்டம் சுற்றினார். ஜிகினாவுக்குப் புரியவில்லை.

"தூக்கச் சொல்றார்" என்றாள் மகள். கீழே நிற்கிறவர்கள் கிரேன் ஓட்டுகிறவருக்குக் காட்டுகிற சைகை அது.

அவள் அழுத்தினாள். எழுநூற்று அறுபது. விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுபது. எண்பது. கீழே இருந்த சுவர் மெல்ல எழுந்து கொக்கியை விழுங்கியது. விரல் நிற்கவில்லை. எண்ணூறைத் தாண்டியது. கூண்டின் அடி மறைந்தது. பிறகு கண்ணாடி. விரலின் வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. எண்ணூற்று அறுபதில் கூண்டின் கூரையும் போயிற்று. இரும்புக் கை மட்டும் வானத்தில் சாய்ந்து நின்றது.

பெரியவர் கையை விரித்துப் பக்கவாட்டில் நீட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மகள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"கை திரும்பறது தெரிஞ்சா போதும்" என்றார். "வேலை நடக்குதுன்னு தெரியும். எப்படி நடக்குதுன்னு தெரிய வேணாம்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "ஆடாமத்தான் தூக்கின."

மகள் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைக் குனிந்துகொண்டாள்.

"எண்ணூத்து அறுபதா?" என்றார் கொத்தனார். "முழுசா தொள்ளாயிரமா வச்சிடலாமே, கணக்குக்குச் சுலபம்."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். கொத்தனார் காதிலிருந்த சாக்பீஸை எடுத்து, பேசாமல் எண்ணூற்று அறுபதில் கோடு போட்டார்.

திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அண்ணி சொன்னார்: "கேமரா அனுப்பறேன்னு நானும் உங்கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"எத்தனை வார்த்தை?" என்றாள் ஜிகினா.

"ஒண்ணு போதும். ஒண்ணரைன்னா அதிகம்."

சன்னல் எண்ணூற்று அறுபதில் முடிந்தது. கிரேன்காரர் முதல் வாரம் சொன்னபடி இருந்தார். இரண்டாவது வாரம், கழுத்து வலிக்கிறது என்று இன்னொரு தலையணை கேட்டு வாங்கினார். கண் நூறு மில்லிமீட்டர் உயர்ந்தது, கூண்டு தெரிந்தது. ஆனால் அவருக்குக் கூண்டு தெரிகிறது என்றால் கூண்டுக்கும் அவர் தெரிவார் என்பதை மறந்துவிட்டார். அன்று சாப்பாட்டு இடைவேளையில் மகள் போன் பண்ணி, "அப்பா, ரெண்டாவது தலையணை வெள்ளையா தெரியுது. எடுங்க" என்றாள். மறுவாரம் தலையணைகளுக்குக் கருநீல உறை வந்தது. அவள் அதையும் கண்டுபிடித்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் போன் பண்ணவில்லை.

எலும்பு கூடிவிட்டது. இப்போது கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கிறார். பல்பு மாற்ற ஆள் வைத்திருக்கிறார். மகள் அதே கிரேனில்தான் இருக்கிறாள். கொத்தனார் இப்போதெல்லாம் அண்ணியிடம் அளவை இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறார். ஜிகினா எந்தப் படத்தையும் அண்ணியின் கோட்டுப் படத்தின் மேல் போட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லை. படத்துக்கு ஒரு பறவை என்று அண்ணி அனுமதித்திருக்கிறார். வீடுகள் இப்போது விழுவதில்லை. அண்ணிதான் இறங்கி வந்து டிக் போட்டுவிட்டார் என்று ஜிகினா நினைக்கிறாள். ஜிகினாதான் அந்தப் பக்கம் எதையோ மாற்றிக்கொண்டாள் என்று அண்ணி நினைக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெளியே போயிருந்தபோது அந்த டிக்கைப் போட்டது அண்ணன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்.